செகண்ட் லைஃபில் உடை தேடுவதும் தைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செகண்ட் லைஃபில் கணக்குத் தொடங்கக் காசு கேட்பதில்லை. ஆனால் உள்ளே போன அரைமணி நேரத்தில், சுற்றி நிற்பவர்களைப் பார்த்து, ‘நான் மட்டும் ஏன் தீபாவளிக்குத் துணி எடுக்காத வீட்டுப் பிள்ளை மாதிரி நிற்கிறேன்?’ என்று தோன்றிவிடும். அந்த அரைமணியைக் கடந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை.

செகண்ட் லைஃப் ஒரு விளையாட்டா? அங்கே உடைக்கு ஏன் இத்தனை மவுசு?

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்துவிட்ட இணைய உலகம் அது. தாண்ட வேண்டிய கட்டங்கள் இல்லை, வீழ்த்த வேண்டிய எதிரி இல்லை. வீடு, மரம், நாற்காலி, செருப்பு என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி அங்கே வசிப்பவர்கள் செய்தவை. செய்தவருக்கே அதன் அறிவுசார் உரிமை என்று 2003 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். உள்ளூர் நாணயம் லிண்டன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறத்தாழ 250. ஜெயிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் மனிதர்கள் என்ன செய்வார்கள்? உடுத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். கல்யாண மண்டபம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நிஜ உலகக் கம்பெனிகளும் ஒரு காலத்தில் மோப்பம் பிடித்து வந்தன. அமெரிக்கன் அப்பேரல் நிறுவனம் 2006இல் தன் பெயரின் பின்பாதியைத் திருப்பிப் போட்டு ‘லெராப்பா’ என்ற தீவில் கடை திறந்தது. அடுத்த ஆண்டே மூடிவிட்டது. ஏற்கெனவே அங்கே வசித்த தையல்காரர்கள் அதைவிட நன்றாகத் தைத்தார்கள் என்பதே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவருக்கு உடை எதுவும் தருவார்களா?

தருவார்கள். பதிவு செய்யும்போது தேர்ந்தெடுக்கும் உருவத்தோடு ஒரு செட் வரும். அதைத் தவிர, உங்கள் உடைமைகள் எல்லாம் இருக்கும் ‘இன்வென்டரி’யில் ‘லைப்ரரி’ என்று ஒரு கோப்புறை சும்மா கிடக்கும். பலர் அதைத் திறப்பதே இல்லை. 2023இல் லிண்டன் லேப் வெளியிட்ட ‘சென்ரா’ என்ற இலவச உடலும் அதற்கான உடைகளும் முதல் சில வாரங்களுக்குத் தாராளமாகப் போதும்.

உடை வாங்கினேன். பெட்டி ஒன்று என் கையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என்ன செய்வது?

வெட்கப்பட வேண்டாம். நான் வாங்கிய முதல் கோட்டுக்கு ‘வேர்’ (அணி) என்று அழுத்திவிட்டு, வலது கையில் அட்டைப்பெட்டியோடு ஒரு நடன அரங்கில் இருபது நிமிடம் ஆடியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லை. கடைசியில் ஓர் அம்மையார் தனிச்செய்தியில், “மகனே, உடை உள்ளே இருக்கிறது” என்றார்.

கடைகளில் உடை பெரும்பாலும் பெட்டிக்குள்தான் வரும். பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, உள்ளே இருப்பதை இன்வென்டரிக்கு மாற்ற வேண்டும். எல்லா நிலத்திலும் பொருளைத் தரையில் வைக்க அனுமதி இருக்காது. ‘சாண்ட்பாக்ஸ்’ எனப்படும் பொது மைதானங்களில் இருக்கும். இப்போது பல கடைகள் கையில் மாட்டினாலே தானாகப் பிரிந்துகொள்ளும் பெட்டியைத் தருகின்றன. பிரித்ததும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள், ஆனால் அழித்துவிட வேண்டாம். பின்னால் உடையைத் தவறுதலாக அழித்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும்.

இன்னொன்று: ‘வேர்’ என்றால் அந்த இடத்தில் ஏற்கெனவே இருப்பதைக் கழற்றிவிட்டு இதை மாட்டும். ‘ஆட்’ என்றால் இருப்பதோடு சேர்த்து மாட்டும். சட்டை போடப்போய்த் தலைமுடியை இழப்பவர்கள் எல்லாரும் முதலாவதை அழுத்தியவர்கள்.

அங்கே துணி என்பது உண்மையில் என்ன?

துணி என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

தொடக்க காலத்தில் உடை என்பது உடம்பின் மேல் பூசிய சாயம். சட்டை, பேன்ட், சாக்ஸ், கையுறை எல்லாம் தோலின் மேல் ஒட்டிய படங்கள். புலிவேஷக்காரர் உடம்பில் வரி எழுதிக்கொள்வதைப் போல. பாவாடை போல் விரிய வேண்டிய உடைகளுக்காகத் தகடுகளைச் செய்து இடுப்பைச் சுற்றி வட்டமாக மாட்டினார்கள். 2006இல் வளையும் தகடுகள் வந்தன. அன்றிலிருந்து பாவாடை காற்றில் ஆடியது, உட்கார்ந்தால் நாற்காலிக்குள் புகுந்தது. 2007இல் ‘ஸ்கல்ப்ட்’ என்ற உருவ முறை வந்ததும் காலரும் பூட்ஸும் கொஞ்சம் நிஜமாயின.

பெரிய திருப்பம் 2011இல் வந்த மெஷ். வெளியே பிளெண்டர் போன்ற மென்பொருளில் செய்த கூட்டை உள்ளே கொண்டுவந்து, அவதாரின், அதாவது உள்ளே நடமாடும் உங்கள் உருவத்தின், எலும்புக்கூட்டோடு கட்டிவிடலாம்; கை தூக்கினால் சட்டைக்கையும் தூக்கும். ஆனால் உடம்பின் பருமனை மாற்றினால் உடை மாறாது. 2014இல் வந்த ‘ஃபிட்டட் மெஷ்’ அதை ஓரளவு சரிசெய்தது. பிறகு 2019இல் ‘பேக்ஸ் ஆன் மெஷ்’ வந்து, பழைய சாய உடைகளைப் புதிய மெஷ் உடல்களின் மேலும் பூச வழி செய்தது. 2005இல் வாங்கிய பனியனைத் தூசி தட்டி இன்றைய உடலில் போட்டுக்கொள்ளலாம்.

ஆக இன்று நீங்கள் பார்க்கும் பெரும்பாலான உடைகள் ஒன்று தோலின் மேல் எழுதிய படம், அல்லது எலும்போடு கட்டிய கூடு. வாங்கும் முன் இரண்டில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் அளவை எப்படித் தெரிந்துகொள்வது?

நம் தையல்காரர் அளவு ரவிக்கை கேட்பார் அல்லவா? செகண்ட் லைஃபில் அளவு ரவிக்கை என்பது உங்கள் உடலின் பிராண்டுப் பெயர். பலர் அங்கே தனியாக மெஷ் உடல் வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். பெண் உடல்களில் மைட்ரேயா லாரா, லெகசி, ரீபார்ன் போன்றவை பரவலானவை. ஆண் உடல்களில் ஜேக், ஜியான்னி, லெகசி. ஒவ்வொன்றின் இடுப்பும் தோளும் வேறு. லாராவுக்குத் தைத்ததை ரீபார்ன் போட்டால் தொடை வெளியே வரும். ஒரே உடலின் பழைய பதிப்புக்கும் புதிய பதிப்புக்கும்கூடச் சில உடைகள் ஒத்துப்போகாது.

அதனால் உடை அழகாக இருக்கிறதா என்று பார்க்கும் முன், விற்பனைப் படத்தின் அடியில் எந்தெந்த உடல்களின் பெயர்கள் இருக்கின்றன என்று பாருங்கள். உங்கள் உடல் பெயர் இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் நடையைக் கட்டுங்கள். உடல் இன்னும் வாங்கவில்லையென்றால், உங்களுக்குப் பிடித்த நான்கைந்து கடைகள் எந்த உடலுக்குத் தைக்கின்றன என்று பார்த்துவிட்டு அதை வாங்குங்கள். முதலில் உடல், பிறகு உடை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். கடையைப் பார்த்து உடலைத் தேர்ந்தெடுப்பதே லாபம் என்பது என் அனுபவம்.

டெமோ, அதாவது போட்டுப் பார்க்கத் தரும் மாதிரி உடை, எதற்கு? விலை குறைவுதானே, நேரடியாக வாங்கிவிடலாமே?

வாங்கலாம், அப்புறம் அழலாம். பணம் திருப்பித் தரும் வழக்கம் பெரும்பாலான கடைகளில் கிடையாது. டெமோ உடையின் மேல் ‘டெமோ’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும், அல்லது தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு நின்ற கோலத்தில் பார்த்தால் போதாது. நடங்கள், உட்காருங்கள், கையைத் தூக்குங்கள். அக்குளும் இடுப்பின் பின்புறமும்தான் உடையின் குட்டு வெளிப்படும் இடங்கள்.

எங்கே தேடுவது?

இணையத்தில் ‘செகண்ட் லைஃப் மார்க்கெட்பிளேஸ்’ இருக்கிறது. தனியாரிடமிருந்து 2009இல் லிண்டன் லேப் வாங்கிய ஒரு சந்தைத் தளம், 2010இல் இந்தப் பெயரில் வந்தது. அங்கே வெறுமனே ‘சட்டை’ என்று தேடினால் கடலில் விழுந்த கதைதான். உங்கள் உடலின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முந்தைய சரக்கும் அதே வரிசையில் கிடக்கும் என்பதால் மெஷ் உடையா என்று கவனியுங்கள். படம் வரைந்ததைப் போல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். உலகத்துக்குள்ளேயே எடுத்த, மெருகேற்றாத படத்தை ஒன்றாவது போடும் கடைக்காரரை நம்பலாம். மதிப்புரைகளில் ஐந்து நட்சத்திரத்தை விட்டுவிட்டு இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று படியுங்கள்.

உலகத்துக்குள் கடைகளுக்கு நேரில் போவது வேறு சுகம். மாதந்தோறும் நடக்கும் விற்பனைத் திருவிழாக்களில் பல கடைகள் புதுச் சரக்கை இறக்கும். திறந்த முதல் நாள் அங்கே நுழைவது ஆடித் தள்ளுபடி நாளில் தி. நகருக்குள் நுழைவதைப் போல. ஒரு வாரம் கழித்துப் போங்கள். வார இறுதிகளில் குறிப்பிட்ட உடைகளை 50, 60 லிண்டன் டாலருக்குத் தரும் வழக்கமும் உண்டு. ‘கச்சா’ என்று சில பழைய கட்டுரைகளில் படித்திருப்பீர்கள்: காசு போட்டால் எது விழும் என்று தெரியாத குலுக்கல் இயந்திரம். 2021இல் லிண்டன் லேப் அதைத் தடைசெய்துவிட்டது. இனித் தேட வேண்டாம்.

இலவச உடைகளை நம்பலாமா?

நம்பலாம், பார்த்து எடுத்தால். நல்ல கடைகள் தங்கள் குழுவில் சேர்பவர்களுக்குப் பரிசு வைக்கும். கட்டணமில்லாக் கணக்குக்குக் குழு எண்ணிக்கையில் உச்சவரம்பு உண்டு என்பதால், பரிசை எடுத்துக்கொண்டு குழுவைவிட்டு வெளியேறுவதை யாரும் தவறாக நினைப்பதில்லை. கடைக்குள் ஒளித்து வைத்த பொருளைக் கண்டுபிடிக்கும் ‘ஹன்ட்’களும் உண்டு, ஒரு வாத்துப் பொம்மையைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்த பிறகு நான் அந்தப் பக்கம் போவதில்லை. ‘ஆயிரம் உடை ஒரு லிண்டன்’ என்று மூட்டையாக விற்பவரிடம் மட்டும் போகாதீர்கள். அதில் பாதி பழையது, மீதி யாருடையதோ.

காப்பி, மாடிஃபை, டிரான்ஸ்ஃபர் என்று போட்டிருக்கிறார்களே?

வாங்கிய பிறகு உங்களுக்கு உள்ள உரிமைகள். ‘காப்பி’ இருந்தால் பிரதி எடுத்துக்கொள்ளலாம். ‘டிரான்ஸ்ஃபர்’ இருந்தால் மற்றவருக்குக் கொடுக்கலாம். இரண்டில் ஒன்றாவது கட்டாயம் இருக்கும். நமக்கென்றால் காப்பி உள்ளதை வாங்குங்கள், பரிசளிக்க என்றால் டிரான்ஸ்ஃபர் உள்ளதை. ‘மாடிஃபை’ இருந்தால் நிறம் மாற்றலாம், நீளம் கூட்டலாம். மூன்றும் உள்ளதை ‘ஃபுல் பெர்ம்’ என்பார்கள். அது பெரும்பாலும் உடை தைத்து விற்பவர்களுக்கான மூலச் சரக்கு. அதை அப்படியே மறுவிற்பனை செய்யக் கூடாது என்று கூடவே ஒரு குறிப்பு வைத்திருப்பார்கள், படியுங்கள்.

சரியான அளவுதான். ஆனாலும் தோல் உடையைத் துளைத்துக்கொண்டு வருகிறதே?

உடைக்கு அடியில் இருக்கும் உடம்பை மறைக்க வேண்டும். அதற்குத்தான் ‘ஆல்ஃபா’. உடையோடு வரும் ஆல்ஃபா லேயரை மாட்டினால் அந்தப் பகுதி உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். இல்லையென்றால் மெஷ் உடலின் கட்டுப்பாட்டுப் பலகையில் தொடை, வயிறு என்று துண்டு துண்டாக அணைக்கலாம். உடையைக் கழற்றிய பின் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள். வயிறு இல்லாமல் கடற்கரையில் உலவுபவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

நானே தைக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

சாய உடையில் தொடங்குங்கள். படம் வரையும் மென்பொருளான கிம்ப் போதும், இலவசம். அவதாரின் மேலுடம்பு, கீழுடம்பு ஆகியவற்றை உரித்து விரித்ததைப் போன்ற டெம்ப்ளேட் படங்கள் இணையத்தில் கிடைக்கும். மேலுடம்புப் படத்தில் முன்புறமும் முதுகும் கைகளும் தனித்தனியாக விரிந்திருக்கும். தையல்காரர் வெட்டிப் போட்ட துணிப் பாகங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடு போட்ட சட்டை ஒன்றை முதலில் முயன்று பாருங்கள். முன்புறக் கோடும் முதுகுக் கோடும் விலாவில் சந்திக்கும் இடத்தில் ஒரு விரல் ஏறி இறங்கி நிற்கும். டெம்ப்ளேட்டின் விளிம்பில் எண்கள் குறித்திருந்தால் அவற்றை ஒன்றோடொன்று பொருத்திச் சரிசெய்யலாம். நீளக் குர்தா வேண்டுமென்றால் ‘ஷர்ட்’ லேயரில் முடியாது, இடுப்போடு நின்றுவிடும். ‘ஜாக்கெட்’ லேயருக்குத்தான் மேல் படம், கீழ் படம் என்று இரண்டு உண்டு. இரண்டும் இடுப்பில் சேரும் கோட்டை மறைப்பது ஒரு கலை. அங்கே ஓர் இடுப்புப்பட்டையைப் போட்டுத் தப்பித்துக்கொள்பவர்களில் நானும் ஒருவன்.

அடுத்து எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம்: கழுத்தையும் கையோரத்தையும் சுற்றி வெள்ளைக் கோடு. துணி முடிந்து வெறுமை தொடங்கும் விளிம்பில் கணினி இரண்டு நிறத்தையும் கலக்கிறது. வெறுமைக்கு அடியில் வெள்ளை இருந்தால் அது எட்டிப் பார்க்கும். அதனால் துணியின் நிறத்தையே படம் முழுவதும் நிரப்பிவிட்டு, எது தெரிய வேண்டும் என்பதை ஆல்ஃபா சேனலில் (படத்தில் எது தெரியும், எது மறையும் என்று குறிக்கும் அடுக்கு) மட்டும் சொல்லி, 32 பிட் டிஜிஏ கோப்பாகச் சேமியுங்கள். பிஎன்ஜியில் சேமித்தால், தெரியாத புள்ளிகளின் நிறத்தையும் காப்பாற்றச் சொல்லும் தேர்வை கிம்ப்பில் மறக்காமல் டிக் செய்ய வேண்டும். எனக்கு இது தெரியவர ஐந்து சட்டை ஆயிற்று.

படம் ஏற்றக் கட்டணம் உண்டு. 1024க்கு 1024 அளவுள்ள படத்துக்கு 10 லிண்டன் டாலர். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பத்துப் பத்தாகக் கொடுத்தால் கட்டுப்படியாகாது. டெக்ஸ்சர் தேர்வுப் பெட்டியில் ‘லோக்கல்’ என்று இருப்பதை அழுத்தி உங்கள் கணினியில் உள்ள கோப்பைக் காட்டுங்கள். கிம்ப்பில் சேமிக்கச் சேமிக்க அவதாரின் மேல் படம் மாறிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு மட்டும். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒருமுறை காசு கொடுத்து ஏற்றுங்கள்.

மெஷ் உடை செய்வது கடினமா?

கடினம். பிளெண்டரில் உருவம் செய்வது ஒரு பங்கு என்றால், எந்தப் புள்ளி எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்று எடை பிரிப்பது மூன்று பங்கு. அவாஸ்டார் போன்ற கட்டணத் துணைக்கருவிகள் இதற்கென்றே உள்ளன. பிரபலமான உடல்களுக்குத் தைக்க, அந்த உடலைச் செய்தவரிடம் விண்ணப்பித்து, அதற்குத் தைக்க உதவும் மூலக் கோப்புகளான ‘டெவ் கிட்’ வாங்க வேண்டும். எல்லாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். அறிவுசார் சொத்துரிமை பற்றிய சிறு வினாத்தாள் ஒன்றை முடித்தால்தான் மெஷ் ஏற்றவே அனுமதி.

ஒத்திகை பார்க்க ‘அதிதி’ என்ற சோதனை உலகம் இருக்கிறது. அங்கே செலவாவது பொம்மைக் காசு. எல்லாரும் உலவும் செகண்ட் லைஃப் உலகத்தின் பெயர் ‘அக்னி’. லிண்டன் லேப் இப்படித் தன் உலகங்களுக்கு வைத்த பெயர்களில் உமா, பார்வதி, சோமா, கங்காவும் உண்டு. அவதாரம் எடுக்க வருபவர்களுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

புடவை கட்டலாமா?

கட்ட முடியாது, கட்டியபடி செய்யப்பட்ட புடவையை மாட்டிக்கொள்ளலாம். தைக்காத துணி என்ற கருத்தே அந்த உலகத்துக்குப் புரியாது. ஆங்கிலத்தில் புடவைக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. மார்க்கெட்பிளேஸில் இரண்டையும் போட்டுத் தேடுங்கள்.

நல்ல புடவையா என்று கண்டுபிடிக்கக் கொசுவத்தைப் பாருங்கள். கொசுவம் இரண்டு காலுக்கும் நடுவில் இருக்கிறது. அதன் இடப்பாதியை இடது காலுக்கும் வலப்பாதியை வலது காலுக்கும் கட்டியிருந்தால், நடக்கும்போது நடுவில் ரப்பர் போல் இழுபடும். மொத்தத்தையும் இடுப்பெலும்புக்குக் கட்டியிருந்தால் மணியைப் போல் விறைத்து நிற்கும், முழங்கால் வெளியே குத்தும். கைதேர்ந்தவர்கள் மேலே இடுப்புக்கும் கீழே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்களுக்கும் எடையைப் பகிர்ந்திருப்பார்கள். டெமோவைப் போட்டுக்கொண்டு ஒரு படியேறிப் பார்த்தால் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

முந்தானை அடுத்த தொல்லை. கூட்டோடு ஒட்டிச் செய்தால் கையைத் தூக்கும்போது முதுகுக்குள் போகும். சிலர் அதை மட்டும் வளையும் தகடாகச் செய்து இடது தோளில் தனியாக மாட்டுவார்கள். காற்றில் ஆடும், பார்க்க அழகு, நாற்காலியில் உட்கார்ந்தால் பின்னால் வழியும். ஷிஃபான் போல் ஊடுருவித் தெரியும் முந்தானை என்றால் அதற்குப் பின்னால் உள்ள கூந்தல் சில கோணங்களில் மாயமாகும். ஒளிபுகும் இரண்டு பரப்புகளில் எது முன்னால் என்று கணினி தடுமாறுவதுதான் காரணம். உங்கள் முடியில் குறையில்லை.

நீங்களே செய்வதாக இருந்தால் ஒரு யோசனை. படம் ஒட்டுவதற்காக உருவத்தைத் தட்டையாக விரிக்கும்போது மடிப்புகளைத் தனித்தனித் துண்டாக்காமல், நிஜப் புடவையைப் போல ஒரே நீளச் செவ்வகமாக விரியுங்கள். கரை ஓரத்தில் தானாக ஓடும், முந்தானை ஒரு முனையில் நிற்கும். அப்புறம் காஞ்சிபுரமோ சுங்குடியோ, படத்தை மாற்றினால் புடவை மாறிவிடும்.

ஒரு சினிமா உடையையோ பிரபல பிராண்டின் சின்னத்தையோ போட்டு விற்கலாமா?

கூடாது. உரிமையாளர் புகார் கொடுத்தால் பொருளை நீக்கிவிடுவார்கள். தொடர்ந்தால் கணக்கே போகும். 2006இல் ‘காப்பிபாட்’ என்ற நிரல் பிறர் உடைகளைத் திருடிப் பிரதி எடுக்கிறது என்று தெரிந்ததும் கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள், பலர் கடையை மூடியே எதிர்ப்புக் காட்டினார்கள். அந்த வடு இன்னும் ஆறவில்லை.

விற்றுச் சம்பாதிக்க முடியுமா?

சிலர் பிழைப்பே நடத்துகிறார்கள். 200 லிண்டன் டாலருக்கு ஒரு சட்டை விற்றால் கையில் நிற்பது ஓர் அமெரிக்க டாலருக்கும் குறைவு. டீச்செலவுக்கு ஆகும் என்று தொடங்குங்கள்.

என் கண்ணுக்கு நன்றாக இருக்கிறது. மற்றவர்களுக்கு நான் மேகமாகவோ ஒற்றை நிறப் பொம்மையாகவோ தெரிகிறேனாம். ஏன்?

மேகம் என்றால் உங்கள் உருவம் இன்னும் இறங்கி முடியவில்லை. கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். முன்பெல்லாம் இப்படி ஆனால் எல்லாரும் ‘ரூத்’ என்ற ஒரே பெண்ணாக மாறிவிடுவார்கள். தாடி வைத்த ஆண்களும் ரூத், டிராகன்களும் ரூத். மேகம் எவ்வளவோ தேவலாம்.

ஒற்றை நிறப் பொம்மை என்றால் உங்கள் மேல் சுமை அதிகம். 2016 முதல் ஒவ்வொருவரும் தம் கணினி தாங்கும் அளவுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய அவதார்கள் முழுமையாக வரையப்படாமல் மொழுமொழுவென்று ஒரே நிறத்தில் நிற்கும். கழுத்து மாலை, கொலுசு, வளையல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். என் விஷயத்தில் குற்றவாளி, பூட்ஸின் நாடாவில் இருந்த உலோக வளையங்கள். தனித்தனியே உருட்டிச் செய்திருந்தார் அந்தப் புண்ணியவான், முப்பத்திரண்டு வளையங்கள்.